யோசனைப் பெட்டி ஏன் காலியாகக் கிடக்கிறது? புதுமையும் மனிதவளத் துறையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயந்திரப் பாகங்கள் செய்யும் ஆலைகளில் மனிதவள அலுவலராக இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன் நான். "எங்கள் ஆட்கள் புதிதாக எதையும் யோசிப்பதில்லை" என்று முதலாளிகளும் மேலாளர்களும் சொல்லிக் கேட்காத மாதம் இல்லை. அந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. ஆட்கள் யோசிக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை. ஏன் சொல்வதில்லை, சொல்ல வைக்க நாம் எதை மாற்ற வேண்டும் என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

புதுமை என்பது ஆராய்ச்சிப் பிரிவின் வேலை. மனிதவளத் துறை இதில் எங்கே வருகிறது?

யாரை வேலைக்கு எடுப்பது, எதற்கு இன்கிரிமென்ட், எதற்கு மெமோ, யாருக்குப் பதவி உயர்வு, ஆர்டர் குறைந்தால் முதலில் யாரை வீட்டுக்கு அனுப்புவது என்பதெல்லாம் மனிதவளத் துறையின் மேசையில்தான் முடிவாகிறது. தனக்குத் தோன்றியதை வாய்விட்டுச் சொல்வதா, மனத்துக்குள் பூட்டி வைப்பதா என்று ஒருவர் தீர்மானிப்பது இந்த முடிவுகளைப் பார்த்துத்தான். சுவரில் ஒட்டிய வாசகத்தைப் பார்த்து யாரும் துணிவதில்லை.

இன்னொன்று. புதுமை என்றவுடன் காப்புரிமையும் ஆய்வுக்கூடமும் மட்டுமே நினைவுக்கு வருகின்றன. பாகத்தை அசையாமல் பிடித்துக்கொள்ளும் ஃபிக்சரில் நான்கு போல்ட்டுகளை எடுத்துவிட்டு ஒரு கிளாம்ப் வைத்து, பாகம் மாட்டும் நேரத்தைப் பாதியாகக் குறைப்பதும் புதுமைதான். டொயோட்டா நிறுவனம் 1950-இல் திவாலின் விளிம்புக்குப் போனது. ஆட்குறைப்பும் வேலைநிறுத்தமும் நடந்து, நிறுவனர் கீச்சிரோ டொயோடா பதவி விலகினார். அதே ஆண்டு அவருடைய உறவினர் எய்ஜி டொயோடா அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைப் பார்த்துவிட்டு வந்தார். அங்கிருந்த பெரிய இயந்திரங்களை வாங்க அவர்களிடம் பணமில்லை. ஆனால் தொழிலாளர்களிடம் யோசனை கேட்கும் திட்டத்தைக் கொண்டுவரப் பணம் தேவைப்படவில்லை. 1951-இல் அதைத் தொடங்கினார்கள்.

யோசனைப் பெட்டி வைத்திருக்கிறோம். யாரும் எதுவும் போடுவதில்லையே?

நான் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆலையில், கேன்டீன் வாசலில் பச்சை வண்ணம் அடித்த பெட்டி ஒன்று தொங்கியது. சாவி யாரிடம் இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாட்கள் ஆயின. திறந்தபோது உள்ளே பதினொரு தாள்கள். மூன்று, பேருந்து வசதி பற்றிய புகார்கள். ஒன்று விடுப்பு விண்ணப்பம். ஒரு தாளில் மட்டும் பால்பாயின்ட் பேனாவால் படம் வரைந்திருந்தது. துளையிடும் இயந்திரத்துக்கு அடியில் சாய்வாக வைக்க வேண்டிய ஒரு தகரத் தட்டு. சுருள் சுருளாக விழும் இரும்புச் சீவலைக் கையால் தள்ளாமல் தானாகத் தொட்டியில் விழச் செய்யும் ஏற்பாடு. பழைய ஆயில் டின்னை வெட்டினால் போதும், செலவு இல்லை என்று கீழே எழுதியிருந்தார். தேதியைப் பார்த்தேன். எட்டு மாதம் ஆகியிருந்தது. விசாரித்தால், எழுதியவர் வேறு ஆலைக்குப் போய்விட்டார்.

அந்தத் தட்டைச் செய்து மாட்டினோம். அதன்பின் அந்த இயந்திரத்தில் சீவல் குத்தி யாருக்கும் விரல் கிழியவில்லை. எட்டு மாதங்கள் வேறு யாருடைய விரல்களோ கிழிந்திருக்கின்றன என்ற நினைப்பு இன்றும் என்னை உறுத்துகிறது.

ஆகவே என் பதில் இதுதான்: பெட்டி காலியாக இருப்பதற்குக் காரணம் பதில் வராததே. பரிசுத் தொகையைக் கூட்டிப் பயனில்லை. ஒரு வாரத்துக்குள், எழுதியவரின் சொந்த சூப்பர்வைசர், அவருடைய இயந்திரத்தருகே நின்று பதில் சொல்ல வேண்டும். முடியாது என்பதும் பதில்தான்; காரணத்தோடு சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. சிறு செலவுள்ள யோசனைகளை மேலிடத்தைக் கேட்காமல் நிறைவேற்றும் அதிகாரத்தை சூப்பர்வைசருக்கே கொடுத்துவிடுங்கள். குழு கூடித்தான் முடிவெடுக்க வேண்டும் என்றால் குழு கூடாது.

வேலையைச் சுலபமாக்க வழி சொன்னால் தங்கள் வேலையே போய்விடும் என்று ஆட்கள் பயப்படுகிறார்கள். என்ன செய்வது?

அந்தப் பயம் நியாயமானது. பத்துப் பேர் செய்வதை எட்டுப் பேரே செய்யலாம் என்று ஒருவர் வழி காட்டி, அடுத்த மாதமே இரண்டு பேரை நிறுத்தினால், அந்த ஆலையில் அதன்பின் யார் வாய் திறப்பார்கள்?

கலிஃபோர்னியாவின் ஃபிரீமான்ட் நகரில் ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திய கார் ஆலையின் கதையை இதற்காகவே நான் எல்லோருக்கும் சொல்வது வழக்கம். ஐந்தில் ஒருவர் வேலைக்கு வராமல் இருப்பது அங்கே சாதாரணம். தரம் மோசம், தகராறு ஓயாது. 1982-இல் மூடிவிட்டார்கள். 1984-இல் ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக, நும்மி என்ற பெயரில் அதே இடத்தில் மறுபடி தொடங்கின. எடுத்த ஆட்களில் மிகப் பெரும்பாலோர் பழைய ஆலையில் வேலை பார்த்தவர்கள், தொழிற்சங்கமும் அதேதான். "உதவாத கூட்டம்" என்று பெயர் எடுத்தவர்கள் சில ஆண்டுகளில் நாட்டிலேயே சிறந்த தரத்தில் கார் செய்தார்கள்.

மாறியது மனிதவள ஏற்பாடு. எண்பதுக்கு மேல் இருந்த வேலைப் பிரிவுகளை விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைத்தார்கள். "இது என் வேலை இல்லை" என்று சொல்லும் சுவர் விழுந்தது. சிறு சிறு குழுக்கள் அமைத்தார்கள். நூற்றுக்கணக்கானோரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்சி கொடுத்தார்கள். பிழை கண்டால் எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுத்து உதவிக்கு ஆள் அழைக்கலாம். தேவைப்பட்டால் கார் வரிசையே நிற்கும். இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு வாக்குறுதி இருந்தது. நிறுவனம் நெருக்கடியில் விழுந்தாலும் முதலில் மேலதிகாரிகளின் சம்பளம் குறையும், வெளியே கொடுத்த வேலைகள் உள்ளே திரும்பி வரும், அதற்குப் பிறகுதான் ஆட்குறைப்பு பற்றிப் பேச்சு என்று ஒப்பந்தத்திலேயே எழுதினார்கள்.

அந்த வாக்குறுதிக்குச் சோதனை விரைவிலேயே வந்தது. 1987, 1988-இல் விற்பனை படுத்து, ஆலை தன் திறனில் பெருமளவு சும்மா கிடந்தது. ஒருவரையும் நிறுத்தவில்லை. உபரியான ஆட்களைப் பயிற்சிக்கும், வேலைமுறையைச் சீர்செய்யும் குழுக்களுக்கும் அனுப்பினார்கள். அதன் பலனை 1991-இல் பார்க்க முடிந்தது: பத்தில் ஒன்பது தொழிலாளர்கள் யோசனை கொடுத்தார்கள், 10,000-க்கும் மேற்பட்ட யோசனைகளில் 80 விழுக்காட்டுக்கு மேல் நடைமுறைக்கு வந்தன. ஆலை 2010-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது டெஸ்லா கார்கள் செய்யப்படுகின்றன.

உங்களால் அத்தனை பெரிய வாக்குறுதி கொடுக்க முடியாமல் இருக்கலாம். "தொழிலாளி சொன்ன யோசனையால் யாருக்கும் வேலை போகாது, மிச்சமாகும் ஆளுக்கு வேறு வேலை தருவோம்" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட முடியும். போட்டபின் காப்பாற்ற வேண்டும். ஒரே ஒரு முறை மீறினாலும் பத்து ஆண்டுகளுக்கு அந்தப் பேச்சு ஆலையில் நிற்கும்.

ஒப்பந்தத் தொழிலாளர்களிடமும் யோசனை கேட்கலாமா?

கேட்க வேண்டும். இன்று பல ஆலைகளில் இயந்திரத்துக்கு முன் நிற்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஒப்பந்தக்காரர் அனுப்பியவர்கள் அல்லது பயிற்சியாளர்கள். பத்து மாதத்தில் போகப்போகிறவர், பதினொன்றாம் மாதத்துக்கான வழியைச் சொல்ல மாட்டார். சொன்னாலும் யோசனைப் படிவத்தில் பணியாளர் எண் கேட்கிறோம். அவரிடம் அது இல்லை. இதை நான் நேரில் பார்த்து வெட்கப்பட்டிருக்கிறேன். நிரந்தர வேலை கொடுக்காமல் நிரந்தர அக்கறையை எதிர்பார்ப்பது நியாயமில்லை. நல்ல யோசனை சொன்ன ஒப்பந்தத் தொழிலாளியை நிரந்தரமாக்கும்போது முன்னுரிமை கொடுங்கள். அந்தச் செய்தி ஒரே நாளில் எல்லா ஷிஃப்டுக்கும் போய்ச் சேரும்.

புதிதாக யோசிக்க வேலை நேரத்திலேயே நேரம் ஒதுக்க வேண்டுமா?

முடிந்தால் ஒதுக்குங்கள். அமெரிக்காவின் 3எம் நிறுவனம் தன் தொழில்நுட்பப் பணியாளர்கள் வேலை நேரத்தில் 15 விழுக்காட்டைத் தாங்களே தேர்ந்தெடுத்த முயற்சிகளுக்குச் செலவிடலாம் என்று 1948 முதல் அனுமதித்துவருகிறது. ஆனால் அந்த விதிக்கு வேர் இன்னும் பழையது. உப்புத்தாள் விற்றுக்கொண்டிருந்த அந்த நிறுவனத்தில் 1921-இல் சேர்ந்தவர் ரிச்சர்ட் ட்ரூ. உப்புத்தாளைச் சோதிக்க ஒரு கார் பட்டறைக்குப் போனபோது, இரண்டு வண்ணம் அடிக்க முடியாமல் பெயின்டர்கள் திணறுவதைப் பார்த்தார். ஒட்டிய தாளைப் பிரித்தால் வண்ணமும் சேர்ந்து உரிந்தது. வண்ணத்தை உரிக்காத நாடா ஒன்று செய்கிறேன் என்று கிளம்பினார். தலைவர்களில் ஒருவரான வில்லியம் மக்நைட் அதை நிறுத்திவிட்டு உப்புத்தாள் வேலையைப் பார்க்கச் சொன்னார். ட்ரூ நிறுத்தவில்லை. தன் அதிகாரத்தில் 100 டாலர் வரைதான் வாங்கலாம் என்பதால், 99 டாலர் சீட்டுகளாகப் பிரித்து எழுதி இயந்திரம் வாங்கினார் என்று அந்த நிறுவனமே பெருமையாகச் சொல்கிறது. 1925-இல் மாஸ்கிங் டேப் வந்தது. 1930-இல் நாம் எல்லோரும் பயன்படுத்தும் ஒளிபுகும் ஸ்காட்ச் டேப்பும் அவர் கையில்தான் பிறந்தது.

மக்நைட் கற்றுக்கொண்டார் என்பதுதான் எனக்கு இந்தக் கதையில் பெரிதாகப் படுகிறது. சொன்னதைக் கேட்காதவரைத் தண்டிப்பதற்குப் பதிலாக, பிழை செய்தவனை நொறுக்கிப் பேசும் நிர்வாகம் முன்முயற்சியைக் கொன்றுவிடும் என்பதை நிறுவனத்தின் கொள்கையாகவே எழுதிவைத்தார்.

அந்தப் பொறுமையின் பலன், ஒட்டிப் பிரிக்கும் சிறு குறிப்புத்தாளான போஸ்ட்-இட். 1968-இல் ஸ்பென்சர் சில்வர் வலுவான பசை தேடப்போய், ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பசையைக் கண்டார். என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. அவர் ஆண்டுக்கணக்கில் சக ஊழியர்களிடம் அதைக் காட்டிக்கொண்டே இருந்தார். தேவாலயத்தில் பாடல் புத்தகத்திலிருந்து அடையாளச் சீட்டு விழுந்துகொண்டே இருக்கிறதே என்று அலுத்துப்போன ஆர்ட் ஃப்ரைக்கு, 1974-இல் அந்தப் பசை நினைவுக்கு வந்தது. அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்தது 1980-இல். பன்னிரண்டு ஆண்டுகள்! ஆண்டுதோறும் "இந்த வருடம் என்ன சாதித்தீர்கள்" என்று மட்டும் கேட்கும் மதிப்பீட்டுப் படிவத்தில் சில்வர் என்ன எழுதியிருப்பார்?

நேரத்தோடு, முயன்று பார்க்கக் கழிவுப் பொருளும் சும்மா கிடக்கும் ஓர் இயந்திரமும் வேண்டும். வேலை முடிந்தபின் ஒரு மணி நேரம் லேத்தைத் தொட்டதற்காக மெமோ கொடுக்கும் இடத்தில் 15 விழுக்காடு என்ற எண்ணுக்கு அர்த்தமில்லை.

தரக் கட்டுப்பாடும் சிக்ஸ் சிக்மாவும் புதுமையைக் கெடுக்குமா?

இடம் மாறினால் கெடுக்கும். சிக்ஸ் சிக்மா என்பது அளந்து பார்த்து மாறுபாட்டையும் பிழையையும் குறைக்கும் தரமுறை. அதே 3எம் நிறுவனத்துக்கு 2001-இல் ஜேம்ஸ் மக்நெர்னி வெளியிலிருந்து தலைவராக வந்தார். ஆயிரக்கணக்கானோரைக் குறைத்தார், சிக்ஸ் சிக்மா முறையை ஆலையில் மட்டுமின்றி ஆய்வுக்கூடத்திலும் புகுத்தினார். செலவு குறைந்தது, லாபம் ஏறியது. புதிய பொருட்களிலிருந்து வரும் வருமானத்தின் பங்கு இறங்கியது. அவருக்குப் பின் வந்த ஜார்ஜ் பக்லி, ஆய்வாளர்களை அந்தப் பிடியிலிருந்து விடுவித்தார். ஒரே மாதிரி பத்தாயிரம் பாகம் செய்யும் இடத்தில் மாறுபாட்டைக் குறையுங்கள். இன்னும் பிறக்காத பொருளுக்கு அந்த அளவுகோல் பொருந்தாது.

ஆண்டு மதிப்பீட்டில் ஊழியர்களை வரிசைப்படுத்துவது சரியா?

சரியில்லை. ஒவ்வொரு குழுவிலும் இத்தனை பேர் சிறப்பு, இத்தனை பேர் மோசம் என்று முன்கூட்டியே பங்கு போட்டுவிட்டால், பக்கத்து இருக்கைக்காரர் போட்டியாளர் ஆகிவிடுவார். அவருக்கு நான் சொல்லும் யோசனை என் இன்கிரிமென்டைக் குறைக்கும். திறமைசாலிகள் ஒரே குழுவில் சேரவும் தயங்குவார்கள். மைக்ரோசாஃப்ட் பல ஆண்டுகள் இப்படி நடத்திவிட்டு 2013 நவம்பரில் கைவிட்டது. நம் ஊர் நிறுவனங்கள் சில அதற்குப் பிறகும் இதை நவீன முறை என்று நினைத்துப் புதிதாகத் தொடங்குவதைப் பார்க்க வேதனையாக இருக்கிறது.

நல்ல யோசனைக்கு எவ்வளவு பரிசு கொடுக்கலாம்?

சிறு யோசனைகளுக்கு, தொகையைவிட உடனடித்தன்மை முக்கியம். பெரிய கண்டுபிடிப்புக்கு அப்படி இல்லை. ஜப்பானில் நிச்சியா என்ற நிறுவனத்தில் சுஜி நகமுரா நீல நிற எல்ஈடி விளக்கைப் பல ஆண்டு உழைப்பில் உருவாக்கினார். நிறுவனர் நொபுவோ ஒகாவா அவரை நம்பிப் பணம் கொடுத்தார், ஃபுளோரிடாவுக்கு அனுப்பிப் படிக்கவும் வைத்தார். 1993-இல் விளக்கு வெளிவந்தது. உலகத்தின் வெளிச்சத்தையே மாற்றிய அந்தக் கண்டுபிடிப்பின் காப்புரிமைக்கு அவருக்குக் கிடைத்தது 20,000 யென். அவர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார், வழக்கும் போட்டார். 2004-இல் டோக்கியோ நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடுக்கச் சொன்னது. மறு ஆண்டு ஏறத்தாழ 84 கோடி யென்னில் சமரசம் ஆனது. 2014-இல் அவருக்கு நோபல் பரிசு வந்தது.

பணம் கொடுத்துக் கண்டுபிடிப்பைப் பெற்ற நிறுவனம், லாபத்தைப் பகிர மறந்ததால் அந்த மனிதரை இழந்தது. ஜெர்மனியில் 1957 முதல் ஊழியர் கண்டுபிடிப்புக்கென்று தனிச் சட்டம் உண்டு. நியாயமான ஊதியம் கொடுத்தே ஆக வேண்டும். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டத்தில் அப்படி ஒரு தனிப் பிரிவு இல்லை. நியமன ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறோமோ அதுதான். ஆகவே அந்தப் பத்தியை எழுதும் மனிதவள அலுவலர் மனச்சாட்சியோடு எழுத வேண்டும்.

திறமையான பொறியாளரை மேலாளராக உயர்த்தினால் அவர் கண்டுபிடிப்பதை நிறுத்திவிடுகிறாரே?

சம்பளம் உயர அது ஒன்றே வழி என்று வைத்திருப்பதால் வரும் வினை. தொழில்நுட்பத்திலேயே இருந்துகொண்டு மேலாளருக்குச் சமமான பதவிக்கும் சம்பளத்துக்கும் ஏறும் இரண்டாவது ஏணி ஒன்று போடுங்கள். 3எம் அப்படித்தான் செய்கிறது. ஆலைக்கான கருவிகள் செய்யும் டூல் ரூமில் முப்பது ஆண்டு அனுபவமுள்ளவருக்கும் இது பொருந்த வேண்டும்.

தோல்வியைப் பாராட்டினால் ஒழுங்கு கெடாதா?

கவனக்குறைவையும் முயற்சியின் தோல்வியையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் கெடாது. டாடா குழுமம் தன் புதுமைப் போட்டியில், துணிந்து முயன்று தோற்றவர்களுக்கென்றே ஒரு விருது வைத்திருக்கிறது. ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைகளில் மருந்து கொடுக்கும்போது நேரும் பிழைகளை ஆராய்ந்தார். நல்ல தலைமை உள்ள வார்டுகளில் பிழைக் கணக்கு அதிகமாக இருந்தது. அங்கே பிழைகள் கூடுதல் என்று பொருளில்லை, பயமில்லாமல் சொன்னார்கள். மற்ற வார்டுகளில் மறைத்தார்கள். உங்கள் ஆலையில் பிழையே பதிவாகவில்லை என்றால் நான் முதலில் கவலைப்படுவேன்.

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை. நம் ஊரில் நடக்குமா?

நடந்திருக்கிறது. தர மேலாண்மைக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை முதலில் வென்ற இந்திய நிறுவனம் சென்னை பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டன், ஆண்டு 1998. ஓசூரின் டிவிஎஸ் மோட்டார் 2002-இல் வென்றது. இவ்வகை ஆலைகளில் தர வட்டங்கள் உயிரோடு இருக்கின்றன. ஆறேழு தொழிலாளர்கள் வாரம் ஒரு மணி நேரம் கூடி, தங்கள் பகுதிப் பிரச்சினை ஒன்றை எடுத்துத் தாங்களே தீர்ப்பது அதன் முறை. தர வட்டப் போட்டி ஒன்றுக்குப் போய்ப் பாருங்கள். ஐடிஐ படித்த இளைஞர் சார்ட் தாளில் ஒரு பிரச்சினையின் காரணங்களைக் கிளை கிளையாகக் காட்டும் மீன்முள் வரைபடம் வரைந்து, காரணங்களை ஒவ்வொன்றாகத் தமிழில் விளக்குவார். கை நடுங்கும், ஆனால் கணக்கில் தடுமாற மாட்டார். இவர்களா யோசிப்பதில்லை?

ஒரே ஒரு மாற்றம் செய்யலாம் என்றால் எதைச் செய்வது?

ஒன்றை மட்டும் செய்தால் பலன் மிகக் குறைவு. அமெரிக்காவில் 17 நிறுவனங்களின் 36 எஃகு ஆலைப் பிரிவுகளை ஆராய்ந்து 1997-இல் வந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. குழு வேலை, பயிற்சி, வேலைப் பாதுகாப்பு, ஊக்கத்தொகை, தகவல் பகிர்வு எல்லாம் சேர்ந்திருந்த இடத்தில் உற்பத்தி ஏறியது. தனித்தனியாகச் செய்த இடத்தில் அசையவில்லை.

நாற்பது பேர் உள்ள சிறு பட்டறை நடத்துகிறேன். எங்களிடம் மனிதவளத் துறையே இல்லை.

உங்களுக்குத்தான் இது எளிது. எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறீர்கள், முடிவெடுக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. பெட்டி வேண்டாம், ஒரு கரும்பலகை போதும். யோசனை, சொன்னவர் பெயர், பதில் சொல்ல வேண்டிய தேதி என்று மூன்று கட்டம். தேதி தாண்டினால் சிவப்புச் சாக்பீஸால் வட்டம் போடும் உரிமை யோசனை சொன்னவருக்கு. முதல் மாதம் சிவப்பு அதிகமாக இருக்கும். அதை அழிக்காதீர்கள்.